கனநீரில் புரதத்தின் மடிப்பைப் பார்ப்பது எப்படி?

வேதாரண்யம் பக்கம் உப்பேறிய வயலிலும் தாக்குப்பிடிக்கிற நெல் குழியடிச்சான். அதிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, "உப்பு சேர்ந்தால் இதன் மடிப்பு மாறுமா?" என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி ஹைட்ரஜன்-டியூட்டீரியம் பரிமாற்றம். தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ உங்கள் கல்லூரியில் மூலக்கூறின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முடிவைத் தீர்மானிக்கும் வேலை உங்கள் மேசையிலேயே நடந்துவிடும்.

கனநீர் என்பது ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் உள்ள நீர். புரதத்தை அதில் விட்டால், அதன் சங்கிலியில் நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் அமைடு ஹைட்ரஜன்களின் இடத்தில் டியூட்டீரியம் ஏறும். ஒன்று ஏறினால் எடை சுமார் 1 டால்டன் (ஏறக்குறைய ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை) கூடும். தளர்வான பகுதியில் நொடிகளில் ஏறிவிடும். ஹைட்ரஜன் பிணைப்பில் இறுகிய பகுதியில் மணிக்கணக்காகும்.

சொந்தப் புரதத்தில் உடனே கை வைக்காதீர்கள். கோழிமுட்டை லைசோசைமில் பழகுங்கள். அதில் 129 அமினோ அமிலங்கள். அமைடு ஹைட்ரஜன் இல்லாத முதலாவதையும் 2 புரோலின்களையும் கழித்தால் 126 ஹைட்ரஜன்கள் கணக்கில் வரும்.

20 மைக்ரோமோலார் புரதக் கரைசல் 5 மைக்ரோலிட்டர், கனநீரில் செய்த பஃபர் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) 45 மைக்ரோலிட்டர், இரண்டையும் கலக்க வேண்டும். பஃபரின் பிஎச் மீட்டர் 7.0 காட்டினால் உண்மை அளவு 7.4, கனநீரில் எப்போதும் 0.4 கூட்டிக்கொள்ள வேண்டும். உப்புள்ள பஃபர், உப்பில்லாத பஃபர் இரண்டையும் தனித்தனியே அளந்து ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிஎச் ஓர் அலகு ஏறினாலே பரிமாற்றம் 10 மடங்கு வேகமாகும். பிறகு நீங்கள் பார்ப்பது உப்பின் விளைவா பிஎச்சின் விளைவா என்று யாராலும் சொல்ல முடியாது. கத்திரி வெயிலில் அறை வெப்பத்தை நம்பாமல் 25 டிகிரி வாட்டர் பாத்தில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கனநீர் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சின்னச் சின்ன குப்பிகளில் பிரித்து, இறுக்கி மூடி வைத்து, அன்றன்றைக்கு ஒன்றைத் திறங்கள்.

10 நொடி, 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி, 4 மணி என்று எடுத்து, ஒவ்வொன்றையும் அதே அளவு ஐஸ் குளிர்ச்சியான அமிலக் கரைசலில் கலந்து நிறுத்துங்கள். கலந்த பிறகு பிஎச் 2.5, வெப்பம் 0 டிகிரி. இந்த இடத்தில்தான் பரிமாற்றம் மிக மெதுவாக நடக்கும். லைசோசைமில் 4 டைசல்பைடு பிணைப்புகள் இருப்பதால் நிறுத்தும் கரைசலில் புரதத்தை அவிழ்க்கும் குவானிடினும் அந்தப் பிணைப்புகளை உடைக்கும் டிசெப்பும் (TCEP) வேண்டும். டிசெப் சேர்த்த பிறகு பிஎச்சை மறுபடி சரிபாருங்கள். பைப்பெட் முனை, குழாய் எல்லாம் முன்கூட்டியே ஐஸில் குளிர்ந்திருக்கட்டும்.

நிறுத்திய கையோடு திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். அதற்கு எங்கே போவது என்று யோசிக்கிறீர்களா? மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகங்களில் உறைவிந்து வைத்திருக்கும் கேனில் இருப்பதும் அதேதான். எங்கே நிரப்புகிறார்கள் என்று அங்கே கேட்டாலே தெரிந்துவிடும். பிறகு மைனஸ் 80 டிகிரி. கருவி இருக்கும் ஊருக்குப் போகும் வழியில் ஒருமுறை உருகினாலும் அந்தச் சாம்பிளைத் தூக்கிப் போடுங்கள்.

அங்கே பெப்சின் புரதத்தைத் துண்டாக்கும். அந்த அமிலத்திலும் வேலை செய்யும் நொதி அது. துண்டுகள் அவற்றைப் பிடித்துவைக்கும் டிராப் காலம் (trap column) என்ற குழாயில் நிற்கும்போது உப்பைக் கழுவி வெளியேற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் சிக்னல் அமுங்கிவிடும். எந்தத் துண்டு எது என்று அறிய டியூட்டீரியம் ஏறாத சாம்பிள் ஒன்று முதலில் ஓட வேண்டும். முழுக்க ஏறிய சாம்பிளும் ஒன்று வேண்டும். ஓட்டும்போதே கொஞ்சம் டியூட்டீரியம் கழன்றுவிடும், அந்த இழப்பை அதை வைத்துத்தான் கணக்கிட முடியும்.

உப்புள்ளதையும் இல்லாததையும் துண்டு துண்டாக ஒப்பிடுங்கள். மூன்று முறை செய்தும் வித்தியாசம் அரை டால்டனைத் தாண்டாத துண்டை நான் கணக்கில் எடுப்பதில்லை. சராசரி எடையோடு நிற்காமல் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் தெரியும் சிகரத்தின் வடிவத்தையும் பாருங்கள். ஒரே துண்டு இரண்டு திமிலாகப் பிரிந்து தெரிந்தால், முதலில் முந்தைய ஓட்டத்தின் மிச்சம் கருவியின் குழாயில் ஒட்டியிருக்கிறதா என்று வெறும் பஃபரை ஓட்டிப் பாருங்கள். அது சுத்தமாக வந்தால், அந்தப் பகுதி மொத்தமாக அவிழ்ந்து மூடுவதாக இருக்கலாம். அதை உறுதிசெய்ய 10 நொடிக்கும் 1 நிமிடத்துக்கும் நடுவே இன்னும் சில நேரப் புள்ளிகள் எடுங்கள்.