ஒரு தோல்வி அடுத்த ரவுண்டையும் கெடுத்துச்சு, எப்படி நிறுத்தினேன்

ஒரு ஓப்பன் செஸ் டோர்னமெண்ட், ஆளுக்கு 90 நிமிஷம், ஒவ்வொரு மூவுக்கும் 30 செகண்ட் கூடும். நாலாவது ரவுண்ட்ல ஜெயிக்க வேண்டிய எண்ட்கேம்ல (ஆட்டத்தோட கடைசி கட்டம்) ஒரு செக்கை கவனிக்காம ரூக்கை (யானையை) விட்டேன், அதோட அடுத்த ரெண்டு ரவுண்டும் போச்சு. ராத்திரி என்ஜின் (மூவை அலசுற செஸ் சாஃப்ட்வேர்) போட்டு பார்த்தா தூக்கம்தான் போச்சு, ஆன்லைன்ல பிளிட்ஸ் (சில நிமிஷத்துல முடியுற வேக ஆட்டம்) ஆடினா இன்னும் மோசம்.

அஞ்சு மூவுக்கு ஒருதடவை ஸ்கோர்ஷீட்ல (மூவ் எழுதுற தாள்ல) கிளாக் டைம் எழுதுற பழக்கம் உண்டு, ரூல்ஸ்படி அது ஓகே. அதை எடுத்து பார்த்தப்பதான் புரிஞ்சது, தோத்ததுக்கு அடுத்த கேம்ல 20 மூவ் முடிஞ்சும் 92 நிமிஷம் மிச்சம், அதாவது யோசிக்கவே இல்ல, போனதை திருப்பி எடுக்கணும்னு தட்டித்தட்டி ஆடியிருக்கேன்.

அப்புறம் எதிராளி மூவை எழுதி, பேனா மூடியை போட்டு கீழ வச்சுட்டுதான் போர்டையே பார்த்தேன், என்ஜினை டோர்னமெண்ட் முடியுற வரைக்கும் தொடல. ஏழாவது ரவுண்ட்ல 20வது மூவ்ல 51 நிமிஷம் மிச்சம், நிதானமா டிரா. அப்பாடான்னு இருந்துச்சு, எட்டாவது ஜெயிச்சேன்.