நாஸ் பெட்டிக்கு ஹார்ட் டிஸ்க்: உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது

சேலம் அம்மாப்பேட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் என் மைத்துனனின் நாஸ் பெட்டி, ஒரு வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி விட்டுவிட்டுக் கத்தத் தொடங்கியது. நாஸ் என்றால், நெட்வொர்க்கில் மாட்டி எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் படங்களையும் கோப்புகளையும் சேமிக்கும் பெட்டி. அவனுடையது இரண்டு டிஸ்க் போடும் பெட்டி. இரண்டிலும் ஒரே படங்கள். ஒன்று போனால் மற்றது தாங்கும் என்ற மிரர் ஏற்பாடு. ஒன்று போய்விட்டது. மறுநாள் காலை நானே போய்ப் புது டிஸ்க் வாங்கி வந்தேன். அதே நாலு டிபி, அதே மூன்றரை இஞ்ச், அதே சாட்டா இணைப்பு. தட்டில் வைத்துத் தள்ளியதும் ‘க்ளிக்’கென்று உட்கார்ந்தது. பெட்டியும் ஏற்றுக்கொண்டது. மிச்சமிருந்த டிஸ்க்கிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் படியெடுக்கும் வேலை, அதாவது ரீபில்டு, ஆரம்பமானது.

முதல் அரை மணி நேரம் வேகமாக ஓடியது. அப்புறம், ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் லோடு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வண்டி மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு 9 சதவீதம். விடிந்தால் 14. “மாமா, ரெண்டும் நாலு டிபிதானே, அப்புறம் ஏன் இப்படி இழுக்குது?” என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் 31 சதவீதத்தில் பெட்டி மறுபடி கத்தியது. புது டிஸ்க் பதில் சொல்லவில்லை என்று அதைக் கழற்றிவிட்டிருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட கல்யாணங்களின் படங்கள் அந்த நேரத்தில் ஒரே ஒரு பழைய டிஸ்க்கில். அவன் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

புது டிஸ்க்கில் கோளாறு ஒன்றும் இல்லை. வெளியே எடுத்து, செல்போன் டார்ச்சில் லேபிளைப் படித்து, மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது எஸ்எம்ஆர் வகை. அன்றிலிருந்து நாஸ் பெட்டிக்கு டிஸ்க் வாங்க யார் வந்தாலும், டிபி எவ்வளவு என்பதற்கு முன்னால் இதைத்தான் நான் கேட்கிறேன்: இன்னொரு டிஸ்க் செத்த நாளில் இந்த டிஸ்க் தாங்குமா?

ஓட்டு வீடும் எஸ்எம்ஆரும்

ஹார்ட் டிஸ்க்கில் தகவல் வட்ட வட்டமான தடங்களில் எழுதப்படுகிறது. சிஎம்ஆர் என்ற வழக்கமான வகையில் ஒவ்வொரு தடமும் தனித்தனி; ஒன்றை அழித்து எழுதினால் பக்கத்துத் தடத்துக்கு ஒன்றும் ஆகாது. எஸ்எம்ஆரில், டிஸ்க்குக்குள் சுற்றும் அதே வட்டத் தட்டில் கூடுதல் இடம் கிடைக்க வேண்டுமென்று ஒரு தடத்தின் விளிம்பு மேல் அடுத்த தடத்தை ஏற்றி எழுதுகிறார்கள். கூரையில் ஓடு வேய்வது மாதிரிதான். எஸ்எம்ஆரில் உள்ள ‘எஸ்’ ஷிங்கிள்டு, அதாவது ஓடு வேய்ந்த மாதிரி; பெயரே அதிலிருந்து வந்ததுதான். அடுக்கின் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் என்ன செய்வோம்? அதன் மேல் ஏறியிருக்கும் ஓடுகளையும் எடுத்து, மாற்றி, திரும்ப வரிசையாக அடுக்க வேண்டும். எஸ்எம்ஆர் டிஸ்க்கும் அதையேதான் செய்கிறது. சின்ன மாற்றத்துக்குக்கூட ஒரு பட்டை முழுவதையும் படித்துத் திரும்ப எழுதுகிறது.

இந்தச் சுமை தெரியாமல் இருக்க, உள்ளே சிஎம்ஆர் முறையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி வைத்திருப்பார்கள். வருவதை முதலில் அங்கே வாங்கி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும் நேரத்தில் டிஸ்க் அடுக்கிக்கொள்ளும். வீட்டு கம்ப்யூட்டரில் போட்டால் வருஷக்கணக்கில் வித்தியாசமே தெரியாது. ரீபில்டு நேரத்தில் சும்மா இருக்க ஏது நேரம்? நாலு டிபியும் மூச்சுவிடாமல் வந்து கொட்டும். ஒதுக்கிய இடம் நிரம்பியதும் டிஸ்க் திணறும். பதில் வரத் தாமதமாகும். பெட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு, டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டும். எங்களுக்கு நடந்தது அதுதான். பிறகு ஒரு சிஎம்ஆர் டிஸ்க் வாங்கிப் போட்டோம். ராத்திரி ஆரம்பித்து விடிவதற்குள் முடிந்தது. கணக்கும் அப்படித்தான் வருகிறது: நொடிக்கு சராசரியாக 150 எம்பி எழுதினால் நாலு டிபிக்கு ஏழரை மணி நேரம்.

கடைப் பெட்டியின் அட்டையில் எஸ்எம்ஆர் என்று பெரும்பாலும் போட்டிருக்காது. ‘நாஸ்’ என்று போட்டிருந்தால் போதுமே என்றால், அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020 ஏப்ரலில்தான் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், நாஸுக்கென்றே விற்ற டிஸ்குகளில், 2 முதல் 6 டிபி வரை உள்ள சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது வெளியே வந்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதன்பிறகு நிறுவனம் எது எந்த வகை என்று பட்டியல் போட்டது. சிஎம்ஆர் டிஸ்குகளை ‘ரெட் பிளஸ்’ என்று தனியாகப் பிரித்தது. அதனால் ‘ரெட்’டும் ‘ரெட் பிளஸ்’ஸும் ஒன்றல்ல. சீகேட்டில் ‘அயர்ன்வுல்ஃப்’ சிஎம்ஆர். மேசைக் கம்ப்யூட்டருக்கான ‘பாராகுடா’வில் எஸ்டி4000டிஎம்004 என்ற 4 டிபி மாடல் எஸ்எம்ஆர். தோஷிபாவில் ‘என்300’ சிஎம்ஆர்.

மாடல் எண்ணைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்லது. சீகேட் எண்ணின் நடுவில் ‘டிஎம்’ என்று இருந்தால் மேசைக் கம்ப்யூட்டருக்கு, ‘விஎன்’ என்றால் நாஸுக்கு, ‘விஎக்ஸ்’ என்றால் கேமராவுக்கு. கடைக்காரர் டிஸ்க்கை எடுத்து மேசை மேல் வைத்ததும் முழு எண்ணையும் போட்டோ எடுத்து, தயாரிப்பாளரின் விவரத்தாளில் சிஎம்ஆர் என்று எழுத்தில் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள். அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். ஆகட்டும்.

சிஎம்ஆராக இருந்தாலே போதுமா

போதாது. மேசைக் கம்ப்யூட்டரில் இருப்பது ஒற்றை டிஸ்க். ஓரிடத்தில் படிக்க முடியவில்லை என்றால் அது திரும்பத் திரும்ப முயற்சி செய்யும், சில நேரம் ஒரு நிமிஷத்துக்கும் மேல். வேறு படி இல்லாத இடத்தில் அந்தப் பிடிவாதம் சரிதான். நாஸில் இன்னொரு டிஸ்க்கில் அதே தகவல் இருக்கிறது. அங்கே பிடிவாதம் வேண்டியதில்லை. அதனால் நாஸ் டிஸ்குகள் ஏறக்குறைய 7 நொடியில் முயற்சியை விட்டு, “முடியவில்லை” என்று பெட்டியிடம் சொல்லிவிடும். பெட்டி மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான நாஸ் பெட்டிகளுக்குள் ஓடுவது லினக்ஸ். அது வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். அதற்குள் டிஸ்க் வாயைத் திறக்காவிட்டால், ஒரே ஒரு கெட்ட செக்டாருக்காக முழு டிஸ்க்கையும் வெளியே தள்ளிவிடும் ஆபத்து உண்டு.

நம்மூரில் இன்னொன்றும் அடிக்கடி நடக்கிறது. சிசிடிவி மாட்டும் கடைகள்தான் டிஸ்க்கை அதிகம் விற்கின்றன. நாஸ் என்று கேட்டால் ‘பர்ப்பிள்’, ‘ஸ்கைஹாக்’ எடுத்துக் கொடுப்பார்கள். “இருபத்திநாலு மணி நேரமும் ஓடுறதுங்க, இதைவிட என்ன வேணும்?” என்பார்கள். இருபத்திநாலு மணி நேரமும் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அவை தடையில்லாமல் காட்சிகளைப் பதிந்துகொண்டே போவதற்காகச் செய்தவை. படமும் பத்திரமும் கணக்கும் வைக்கும் பெட்டிக்கு நாஸ் டிஸ்க்கே சரி. அதற்குப் பதிலாகக் கேமரா டிஸ்க்கை நான் கொடுக்க மாட்டேன்.

பழைய டிஸ்க்கை எடுத்துச் சொருகுவது

எல்லாவற்றிலும் கொடுமையான தவறு இதுதான். கம்ப்யூட்டரில் இருந்த டிஸ்க், உள்ளே பிள்ளையின் மொட்டை, காதுகுத்து எல்லாம் இருக்கிறது. நாஸ் பெட்டியில் போட்டால் அப்படியே டிவியில் பார்க்கலாம் என்று நினைத்துச் சொருகிவிடுகிறார்கள். பெட்டி தன் சொந்த முறையில் டிஸ்க்கை அமைத்துக்கொள்ளும். அதற்கு உள்ளே இருப்பதை முழுக்க அழிக்கும். அழியப்போகிறது என்று திரையில் எச்சரிக்கையும் வரும். அவசரத்தில் ‘ஓகே’ தட்டிவிட்டு எங்களிடம் ஓடி வருபவர்களுக்குத் திரும்ப எடுத்துத் தர முடியாதபோது எனக்கு மனசு தாங்குவதில்லை. பழைய டிஸ்க்கில் இருப்பதை முதலில் வேறிடத்துக்குப் படியெடுங்கள். யுஎஸ்பி வழியாக நாஸின் பின்பக்கம் இணைத்தால் அழிக்காமல் படிக்கும். உள் தட்டில் மட்டும் வைக்காதீர்கள்.

யுஎஸ்பி டிஸ்க் மலிவு என்று வாங்கி, மேல்கூட்டை உடைத்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை நாஸில் போடலாம் என்ற யோசனையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சட்டைப்பையில் போகும் இரண்டரை இஞ்ச் டிஸ்க் பலவற்றில் யுஎஸ்பி முனையையே பலகையில் பற்றவைத்திருப்பார்கள். சாட்டா முனையே இருக்காது. இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர். உடைத்ததோடு வாரண்டியும் போச்சு.

சேலத்து வெயில், மலையின் ஈரம்

ஒரு டிஸ்க் 60, 65 டிகிரி வரை தாங்கும் என்று விவரத்தாளில் இருக்கும். அதைப் பார்த்துத் தைரியமாகிவிடக் கூடாது, பெட்டிக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. நாஸ் பெட்டி செய்யும் சினாலஜி நிறுவனத்தின் வீட்டு மாடல்களுக்கு அறை வெப்பமே 40 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் சேலத்தில் வெளியிலேயே 40 தாண்டுகிற நாட்கள் உண்டு. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அங்கே மர அலமாரிக்குள் பூட்டி வைத்த பெட்டியில் நிமிஷத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் இரண்டைப் போட்டால் என்ன ஆகும்? வீட்டுக்கு 5400 சுற்று வகையே போதும். சூடு குறைவு, சத்தமும் குறைவு. சேமிக்கிற வேகத்துக்குப் பெரும்பாலும் உங்கள் நெட்வொர்க் கேபிள்தான் எல்லை, டிஸ்க் அல்ல.

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறவர்கள், எஸ்டேட்காரர்கள் சிலர், மலை உயரத்தில் ஹார்ட் டிஸ்க் ஓடுமா என்று கேட்பார்கள். ஓடும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர். டிஸ்குகள் ஏறக்குறைய 3000 மீட்டர் உயரம் வரை ஓடும்படி செய்யப்பட்டவை. அங்கே கவலை ஈரம். விவரத்தாளில் ஈரப்பதம் 90, 95 சதவீதம் வரை பரவாயில்லை என்றிருக்கும். நீர் கோத்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே இருக்கும். மார்கழிப் பனியில் காரின் டிக்கியில் கிடந்த டிஸ்க்கைச் சூடான அறைக்குள் கொண்டுவந்த உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். உறையோடு நாலைந்து மணி நேரம் வைத்திருந்து பிறகு மாட்டுங்கள்.

பட்டியல், அளவு, இன்னும் சில

முக்கியமான நாஸ் தயாரிப்பாளர்கள் எந்தப் பெட்டிக்கு எந்த டிஸ்க் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன் பாருங்கள். பட்டியலில் இல்லாத எல்லாம் கெட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அவர்கள் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் 2025-இல் சினாலஜி தன் புதிய பிளஸ் மாடல்களில் தன் டிஸ்குகளையும் தான் அங்கீகரித்தவற்றையும் மட்டுமே ஏற்பது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு அக்டோபரில், பெட்டியை இயக்கும் தன் மென்பொருளான டிஎஸ்எம்மின் 7.3 பதிப்போடு மற்ற நிறுவனங்களின் ஹார்ட் டிஸ்குகளுக்கும் வழி விட்டது. 2025 பிளஸ் பெட்டி வைத்திருப்பவர்கள் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு டிஸ்க் தேடுங்கள்.

மிரரில் 4 டிபியும் 2 டிபியும் போட்டால் கிடைப்பது 2 டிபிதான். 4 டிபி டிஸ்க் திரையில் 3.63 என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ஆயிரத்தால் எண்ணுவதற்கும் 1024-ஆல் எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. பழைய 32 பிட் பெட்டிகளில் ஒரு வால்யூம், அதாவது ஒரே சேமிப்புப் பகுதி, 16 டிபிக்கு மேல் போகாது. சர்வர்களிலிருந்து கழித்துவிட்ட, ‘சாஸ்’ என்ற வேறு இணைப்புள்ள டிஸ்க் மலிவாகக் கிடைக்கும். சாட்டா பெட்டியில் அது நுழையவே நுழையாது.

மலிவு என்றதும் சொல்ல வேண்டியது: 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகள் புதியவை என்று விற்கப்பட்டது அம்பலமானது. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவில், ஓடிய நேரக் கணக்கை அழித்திருந்தார்கள். ‘ஃபார்ம்’ என்ற இன்னொரு உள்பதிவுதான் காட்டிக்கொடுத்தது. உறை பிரித்திருந்தால், விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் வாரண்டி உண்டா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு டிஸ்க் வாங்குகிறீர்கள் என்றால், முடிந்தால் ஒன்றைச் சேலம் ஐந்து ரோடு பக்கக் கடையில் வாங்கி மற்றதை ஆன்லைனில் வாங்குங்கள். ஒரே தயாரிப்புத் தொகுதியில் வந்த இரண்டும் ஒரே நேரத்தில் தளர்வதற்கு வாய்ப்பு அதிகம்.

டிஸ்க் வந்ததும் அன்றைக்கே படங்களை ஏற்ற வேண்டாம். பெட்டியின் அமைப்பில் நீண்ட ஸ்மார்ட் சோதனை என்று இருக்கும். ராத்திரி ஓடவிட்டால் காலையில் முடிந்திருக்கும். கெட்டுப்போவதாக இருந்தால் கடையில் மாற்றித் தரும் அந்த ஒரு வாரத்துக்குள் கெட்டுப்போகட்டும்.

என் மைத்துனன் இப்போது மிரரை மட்டும் நம்பியிருப்பதில்லை. தவறுதலாக அழித்த படம் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும் என்பது அவனுக்குத் தெரியும். யுஎஸ்பியில் ஒரு மூன்றாம் படி எடுத்து, பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காட்டில் அவன் சித்தி வீட்டில் கொண்டுபோய் வைக்கிறான். அந்த டிஸ்க் எஸ்எம்ஆர்தான். அன்று 31 சதவீதத்தில் நின்றுபோனதே, அதே டிஸ்க். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுதி மூடி வைக்கும் வேலைக்கு அது நன்றாகவே உழைக்கிறது.