பேஸ் கிற்றார் பழகப் போகிறீர்களா? முதலில் வலது கை

பேஸ் கையில் வந்ததும் ஸ்கேல் (சுர வரிசை) படிக்க ஓடாதீர்கள். கம்பியை ஒரே அளவாக மீட்டவும், மீட்டிய சத்தத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தவும் கை பழகிவிட்டால், மற்றதெல்லாம் பிறகு சுகமாக ஏறும்.

கம்பி நான்கு. தடித்ததிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. சாதாரண கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகளின் அதே சுரங்கள்தான், ஒரு ஸ்தாயி கீழே. ரியூன் பண்ண போனில் ஒரு செயலி போதும், ஆனால் ஈ கம்பி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸ் என்பதால் சில போன்களுக்கு அது சரியாகக் கேட்காது. அப்போது 12ஆவது ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை) நேர் மேலே கம்பியை விரலால் அழுத்தாமல் தொட்டபடி மீட்டுங்கள், ஒரு ஸ்தாயி மேலே அதே சுரம் தெளிவாக வரும், ஊசியும் நிற்கும்.

சரி, வலது கை. பெருவிரலை, கம்பிகளுக்குக் கீழே சத்தத்தைப் பிடிக்கும் பிக்கப்பின் மேல் ஊன்றி, சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாறி மாறிப் பாவியுங்கள். விரல் கம்பியைத் தாண்டியதும் காற்றில் நிற்கக்கூடாது, அடுத்த தடித்த கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்கவேண்டும், அதனால் அந்தக் கம்பி வீணாக இரையாது. இடது கையில் ஃபிரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள், இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் கரகரக்கும், கையும் சீக்கிரம் களைக்கும். சத்தத்தை நிறுத்த அழுத்தத்தை மட்டும் விடுங்கள், விரல் கம்பியிலேயே இருக்கட்டும். தாளம் தட்டும் மெட்ரோநோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து இதையே செய்யுங்கள், சலிக்கும்தான், ஆனால் இதுதான் பேஸ்.

அப்புறம் மூன்று இடம்: ஏ கம்பி 3ஆவது ஃபிரெட் சி, ஈ கம்பி 1 எஃப், ஈ கம்பி 3 ஜி. எதில் நின்றாலும் அடுத்த மெல்லிய கம்பியில், கிற்றாரின் உடல் பக்கமாக இரண்டு ஃபிரெட் தள்ளினால் அதன் பஞ்சமம் கிடைக்கும். இந்த ஒரு வடிவத்தை வைத்தே சர்ச் பாட்டு எத்தனையோ வாசிக்கலாம். மட்டக்களப்புக்காரருக்குப் பைலா காதில் ஊறியிருக்கும்: ஆறு எண்ணி, 1இல் மூல சுரமும் 4இல் பஞ்சமமும் வையுங்கள், கால் தானாக ஆடும்.

போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, ஹெட்போன் போட்டுப் பாட்டோடு சேர்ந்து வாசியுங்கள். சின்னக் கிற்றார் அம்ப்பில் மாட்டிச் சத்தம் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியலாம், மெதுவாக வைத்தால் பரவாயில்லை. கல்லடி, கல்முனைப் பக்கம் கடற்காற்றுக்குக் கம்பி கெதியில் துருப்பிடிக்கும், வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் கீழ்ப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். விரல் நுனி கொப்பளித்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, அது ஆறின பிறகு எடுங்கள்.