வருடங்கள் இடம் மாறாமல் இருக்க

பிளஸ் டூ வரலாற்றில் பலருக்கும் தலைவலி வருடங்கள்தான். பட்டியலாக உருப்போட்டால் பரீட்சை ஹாலில் 1919-ம் 1922-ம் இடம் மாறி நிற்கும். அதற்குப் பதில், ஒரு வெள்ளைத்தாளில் நிகழ்ச்சிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, நடுநடுவே ஒரு வரி இடம் விடுங்கள். அந்த இடத்தில் ‘அதனால் என்ன ஆனது?’ என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள்.

மார்ச் 1919, ரௌலட் சட்டம். விசாரணை இல்லாமலே சிறையில் வைக்கலாம் என்றதும் எதிர்ப்பு கிளம்பியது; ஏப்ரல் 13-ல் ஜாலியன் வாலாபாக் துப்பாக்கிச் சூடு. அந்தக் கோபமும் கிலாபத் பிரச்சினையும் (துருக்கி கலீபாவின் பதவியைக் காக்க முஸ்லிம்கள் நடத்திய போராட்டம்) சேர்ந்து 1920-ல் ஒத்துழையாமை இயக்கம். பிப்ரவரி 1922-ல் சௌரி சௌரா என்ற ஊரில் போராட்டக்காரர்கள் காவல் நிலையத்துக்குத் தீ வைத்ததில் போலீஸ்காரர்கள் இறந்தார்கள். வன்முறை வந்துவிட்டதே என்று காந்தி இயக்கத்தையே நிறுத்திவிட்டார். இனி வரிசை எப்படி மாறும்? காரணத்துக்கு முன்னால் விளைவு வந்துவிடாதே!

அப்புறம், தேதிகளுக்குள் முடிச்சுப் போடலாம். தண்டியில் காந்தி உப்பு அள்ளியது 1930 ஏப்ரல் 6. சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13-ல், ராஜாஜி அதேபோல உப்பு அள்ளத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். அன்று தமிழ்ப் புத்தாண்டு. ஜாலியன் வாலாபாக் நினைவு நாளும்கூட. ஒரே தேதியில் மூன்று விஷயம்.

மறுநாள் காலையில் வருடங்களைக் கையால் மறைத்துக்கொண்டு, ‘அதனால்’ வரிகளை மட்டும் படித்து வருடத்தைச் சொல்லிப் பாருங்கள். கலர் பேனாவெல்லாம் வேண்டாம், பாதி சாயங்காலம் அதிலேயே போய்விடும்.