பழைய டிஃபரன்ஷியலின் கியர் விகிதம் தெரிந்தது இப்படித்தான்

உபரியாகக் கிடந்த டிஃபரன்ஷியலை (வண்டியில் இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் தொகுதி) விற்க நினைத்தேன். கேட்பவர் எல்லாம் முதலில் கேட்டது கியர் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று வர உள்ளே வரும் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. அதைச் சொல்லும் சின்னத் தகடு எப்போதோ காணாமல் போயிருந்தது.

கூட்டில் வார்த்திருந்த எண்ணை வைத்துத் தேடினேன். ஒரே கூட்டுக்குள் பல விகிதங்கள் வரும், அதனால் பயனில்லை. அப்புறம் அந்தத் தண்டின் முனையில் இருக்கும் சின்ன கியரான பினியனைச் சுற்றி, சக்கரம் மாட்டும் இரண்டு பக்கமும் எத்தனை சுற்று வருகின்றன என்று எண்ணினேன். இரண்டு பக்கமும் சமமாகச் சுற்றாததால் ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வந்தது. ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்தால் மறுபக்கம் இருமடங்கு சுற்றும். அதைக் கணக்கில் எடுத்தும் 3.64-ஆ 3.73-ஆ என்று பிரிக்க முடியவில்லை.

கடைசியில் ஆயிலை வடித்து, பின்மூடியைக் கழற்றினேன். பினியன் சுற்றும் பெரிய கியரான கிரவுன் வீலின் விளிம்பைத் துடைத்ததும் 41 11 என்ற பொறிப்பு தெரிந்தது. இரண்டு கியர்களின் பற்களின் எண்ணிக்கை அது; 41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. பெரிய நிம்மதி.

பக்கத்திலேயே மெல்லிசாகக் கீறிய இன்னொரு எண். பாகத்தின் எண் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதே எண் பினியனின் முகத்திலும் இருந்தது: இரண்டும் சேர்த்துத் தேய்த்துப் பொருத்திய ஜோடி. ஜோடி மாறியிருந்தால் ஓட்டும்போது ஊளையிடும், விலையும் இறங்கும்.

ஒரு பக்கத்தைச் சுற்றினால் மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றியது. இரண்டு சக்கரங்களையும் தனித்தனி வேகத்தில் சுற்ற விடும் சாதாரண ஓப்பன் வகைதான். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் என்றால் இன்னும் அதிக விலை கேட்டிருக்கலாம். ஆயிலில் இருக்கும் உலோகத் தூளைப் பிடிக்கும் காந்தத்தில் சாதாரணத் தேய்மானத்தின் சாம்பல் நிறப் பசை மட்டும், உலோகச் சில்லு இல்லை. இரண்டு எண்களையும் படமெடுத்துப் போட்டதும், பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டார்கள்.