பழைய வீட்டில் நான் செய்த தவறு, இப்போது நீங்கள் செய்வது

போன வாரம் காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தா கட்டியது, பேரன் சீர்படுத்தித் தங்க நினைக்கிறார். வளவுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது சிமென்ட் மூட்டை அடுக்கு. வயிற்றைக் கலக்கிவிட்டது. பழைய வீடுகளைச் சீர்படுத்தும் என் முதல் வேலையும் இப்படித்தான் தொடங்கியது.

கணக்கு எழுதி வையுங்கள், கொத்தனாருக்கு முழுப்பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட்

அந்தக் காலச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மண்ணிலிருந்து ஏறும் ஓதம், பூச்சின் நுண்துளைகள் வழியே காற்றில் போய்விடும். சிமென்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் மேலே ஏறும். அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து செங்கல்லையே பொடியாக்கும்.

என் வேலையில் முழங்கால் உயரத்துக்குத்தான் ஈரம் இருந்தது. "சிமென்ட் போட்டா கல்லு மாதிரி நிக்கும் சார்" என்றார் கொத்தனார். நின்றது, ஒரே ஒரு மழைக்காலம். தை பிறந்தபோது இடுப்பு உயரத்தில் எமல்ஷன் பெயின்ட் கொப்பளித்தது. புத்தி வந்ததா? இல்லை. நீர்த்தடுப்பு மருந்து கலந்து மறுபடி சிமென்ட்டே பூசினேன். அடுத்த வருடம் நெஞ்சு உயரம். கொத்தி எடுத்தபோது செங்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது. பழைய செங்கல்லைவிடச் சிமென்ட் கெட்டி. பிரியும்போது பலவீனமானதுதானே உடையும்? ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காயவிட்டு, உப்பை நீர் படாமல் துடைப்பத்தால் தட்டி, அப்புறம்தான் சுண்ணாம்பு பூசினோம். அந்தச் செலவு என் கையிலிருந்து.

இப்போதும் எரிச்சலூட்டுவது, "கொஞ்சம் சிமென்ட் கலந்தா சீக்கிரம் இறுகிடும்" என்ற பேச்சு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும். அவசரப்படுபவர் வேறு வீடு பார்க்கலாம். நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரமாவது ஊறவிடுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்து, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த பளபளப்பான சுவர் எங்காவது மிச்சமிருந்தால் அதைக் கொத்தவே கொத்தாதீர்கள்; உடைந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுங்கள். நிறம் வேண்டுமென்றால் சுண்ணாம்பில் காவி கலந்து அடியுங்கள். திட்டுத்திட்டாகத்தான் வரும். சாயங்கால வெளிச்சம் பட்டதும் அந்தத் திட்டுகள்தான் அறைக்கு ஒரு கதகதப்பைத் தரும்.

ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட்

ஊற்றாதீர்கள். ஆத்தங்குடியில் கையால் செய்யும் இந்தத் தரைக்கல் சூளையில் சுட்டதல்ல, கண்ணாடிமேல் வார்த்தது. நிறம் போனால் போனதுதான்.

தேக்குத் தூணுக்குப் பெயின்ட்

வேண்டாம்.

ஃபால்ஸ் சீலிங்

மெட்ராஸ் டெரஸ் என்பது மர உத்தரங்கள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட பழைய கூரை. அந்த உத்தரங்களை ஜிப்சம் பலகையால் மூடினால் ஏசிக் குளிர் நிற்கும், உண்மைதான். ஆனால் மேலே ஒழுகுவதும் கரையான் ஏறுவதும் கண்ணுக்குத் தெரியாது. உத்தரத்தை விட்டுவிட்டு விளக்கை மாற்றுங்கள்: 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு, சுவரோரமாக, தாழ்வாக. வெள்ளை டியூப்லைட்டை மாட்டிவிட்டு வீடு ஏன் வங்கிக் கிளை மாதிரி இருக்கிறது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

அந்தப் பேரனிடம் மூட்டைகளைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். கொத்தனார் முகத்தைச் சுளித்தார். கொல்லையில் புதுக் கழிப்பறை கட்ட நான்கு மூட்டை இருக்கட்டுமே என்றார் பேரன். அதற்குச் சரி.