கேப், பிரிட்ஜ் போட்டுக்கொள்ளப் போகிறவர்களுக்கு

என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு ரூட் கெனால் (பல்லின் உள்நரம்பை எடுத்து அடைக்கும் சிகிச்சை) செய்து, மேலே கேப் என்னும் உறை போட்டிருந்தேன். ஒன்பதாம் வருடம் அந்தப் பல்லே போய்விட்டது. கேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. கேப்பின் விளிம்பும் ஈறும் சேரும் இடத்தில் சொத்தை நுழைந்து, உள்ளே இருந்த பல்லைத் தின்றுவிட்டது. கேப் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று நான் நினைத்ததுதான் தப்பு. இப்போது அங்கே மூன்று பல் பிரிட்ஜ் இருக்கிறது: நடுவில் செயற்கைப் பல், அதைத் தாங்க இரு பக்கத்துப் பற்களின்மேல் கேப், மூன்றும் ஒன்றாக ஒட்டியது.

ரூட் கெனால் முடிந்து வலி நின்றதும் பலர் கேப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சொத்தையைச் சுரண்டி எடுத்தபின் கடைவாய்ப் பல்லில் மிஞ்சுவது மெல்லிய சுவர்தான். ஒரு முறுக்கைக் கடிக்கையில் அது வேர்வரை பிளந்தால், பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்காது.

பொருள் விஷயத்தில் ரொம்பக் குழம்ப வேண்டாம். உலோகம் மலிவு, உறுதி, கேப் மாட்டப் பல்லையும் குறைவாகத்தான் தேய்த்துச் சிறிதாக்குவார்கள், நிறம்தான் காட்டிக்கொடுக்கும். உலோகத்தின்மேல் பீங்கான் என்றால் நாளாவட்டத்தில் சில்லு பெயரலாம், ஈறு இறங்கினால் ஓரத்தில் கருங்கோடு தெரியும். ஜிர்கோனியா என்னும் உறுதியான வெள்ளைப் பீங்கான் வகையில் அந்தக் கோடு வராது, விலை கூடுதல். கேப்பின் நிறத்தை, மருத்துவர் பல்லைத் தேய்க்கும் முன்பே, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாயைத் திறந்து வைத்தே இருந்தால் பல் உலர்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும்.

அளவு எடுத்த பிறகு தற்காலிகக் கேப் வைப்பார்கள். அந்த நாட்களில் மிட்டாய், அல்வா அந்தப் பக்கம் வேண்டாம். கழன்றால் எடுத்து வைத்துக்கொண்டு உடனே போங்கள். விட்டுவிட்டால் பல் நகர்ந்து, புதுக் கேப் பொருந்தாமல் போகும்.

ஒட்டும் நாளில் கூச்சப்படாதீர்கள். எங்கே இடிக்கிறது என்று காட்டும் நிறத்தாளைக் கடிக்கச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்து கடியுங்கள், பக்கவாட்டிலும் அரைத்துப் பாருங்கள். மரத்திருக்கும் வாய்க்கு மேடு தெரியாது. வீட்டுக்கு வந்தபின் அந்தப் பல் மட்டும் முதலில் இடித்தால் மறுநாளே திரும்பப் போங்கள். பழகிவிடும் என்று நான் இரண்டு மாதம் பொறுத்தேன். தாடை வலிதான் மிச்சம்.

பிரிட்ஜுக்கு இரு பக்கத்துப் பற்களையும் தேய்க்க வேண்டும். அவை நல்ல பற்களாக இருந்தால், இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) முடியுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பல் பிடுங்கிய இடம் ஆறி ஈறு படிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அவசரப்பட்டால் பிரிட்ஜுக்கும் ஈறுக்கும் நடுவே இடைவெளி விழும்.

அப்புறம், தினசரி வேலை. பிரிட்ஜில் பற்கள் ஒட்டியிருப்பதால் பல்லிடுக்கு நூல் மேலிருந்து இறங்காது. ஒரு முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சு போலவும் இருக்கும் சூப்பர் ஃப்ளாஸ் வாங்குங்கள். விறைத்த முனையைக் கன்னப் பக்கத்திலிருந்து நடுப் பல்லின் அடியில் நுழைத்து, நாக்குப் பக்கம் இழுங்கள். பஞ்சுப் பகுதி வந்ததும் முன்னும் பின்னும் தேயுங்கள். இரு பக்கத் தாங்குபல்லின் ஓரத்தையும் அதே மாதிரி. இரவில் மூன்று நிமிடம் போதும்.

திடீரென்று நாற்றமோ புளித்த ருசியோ வந்தால் விரலால் பிரிட்ஜை அழுத்தி, கண்ணாடியில் விளிம்பைப் பாருங்கள். எச்சில் குமிழ் விட்டால் ஒரு பக்க ஒட்டு விட்டிருக்கலாம். மறுபக்கம் பிடித்திருப்பதால் பிரிட்ஜ் விழாது, வலியும் இருக்காது. உள்ளே சொத்தை மட்டும் வளரும். அந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.